நட்சத்திரங்கள்தான் காணவில்லை, படங்கள் இருக்கின்றன

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விவரத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

2006-இலிருந்து குடும்பப் படங்களைச் சேர்த்துவைப்பது அவர் பொறுப்பு. கேமராவில் எடுத்தவை, கைபேசியில் எடுத்தவை, பழைய ஆல்பங்களிலிருந்து ஸ்கேன் செய்தவை எல்லாம் சேர்த்து இன்று 38,000 படங்கள், ஒரே ஹார்ட் டிஸ்கில். பல வருடம் கூகுளின் பிக்காசா என்ற பட மென்பொருளில் உட்கார்ந்து முகங்களுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார், குறிப்பு எழுதியிருக்கிறார், பிடித்த படங்களுக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறார். பிறகு கணினி மாறியது. படங்களை அடுக்கவும் திருத்தவும் உதவும் லைட்ரூம் கிளாசிக் என்ற மென்பொருளுக்கு அண்ணன் சந்தா எடுத்துக் கொடுத்தார். அதிலும் ஒரு வருடம் உழைத்து கீவேர்ட் (தேடுசொல்), நட்சத்திரம், கிராப் (ஓரம் வெட்டுதல்), வண்ணத் திருத்தம் என்று நிறைய செய்தார். 'புதிய ஃபோல்டர் 3' போன்ற பெயர்கள் கண்ணை உறுத்தவே, ஒரு சனி ஞாயிறில் கணினியின் ஃபைல் ஜன்னலிலேயே எல்லாவற்றையும் வருடவாரியாகப் பெயர் மாற்றி, இடம் மாற்றி அடுக்கினார். மறுநாள் லைட்ரூமைத் திறந்தால் ஃபோல்டருக்கு ஃபோல்டர் கேள்விக்குறி. பயந்துபோய், கேள்விக்குறி வந்ததை எல்லாம் நீக்கிவிட்டுப் படங்களை மறுபடி இம்போர்ட் செய்தார். படங்கள் வந்தன. ஒரு வருட உழைப்பு வரவில்லை.

இதற்கிடையில் போன வருடம் அப்பா காலமானார். அம்மா சுவரில் மாட்ட ஒரு பெரிய படம் கேட்கிறார். எல்லோருக்கும் பிடித்த அந்த ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்தது, 960-க்கு 1280 பிக்சல். அண்ணனோ, "எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிட்டு டிஸ்கை ஃபார்மேட் பண்ணு, தொல்லை விட்டது" என்கிறார். டூப்ளிகேட் தேடும் மென்பொருள் 11,000 நகல்களைக் காட்டுகிறது. அழிக்கலாமா, ஏற்றலாமா, அப்பா படத்தை ஏஐ வைத்துப் பெரிதாக்கலாமா என்று கேட்டுவிட்டு, "என் முட்டாள்தனத்தால் எல்லாம் போயிற்றா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தக் கடைசி வரிக்குப் பதில். நீங்கள் செய்தது முட்டாள்தனம் இல்லை. குடும்பப் படத் தொகுப்புகளை மீட்டு ஒழுங்குசெய்வது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இதே காரியத்தைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஃபோல்டரைக் கணினியில் நகர்த்தினால் மென்பொருளும் கூடவே நகரும் என்று நினைப்பது இயல்புதான். அது அப்படி வேலை செய்வதில்லை என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் நேரத்தில் டூப்ளிகேட் மென்பொருள் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். காலியாகத் தெரியும் பழைய ஃபோல்டர்களையும் அழிக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

லைட்ரூமுக்குள் உங்கள் படங்கள் இல்லவே இல்லை. அதன் கேட்டலாக் என்பது ஒரு பதிவேடு. இந்த ஃபைல் இந்த ஃபோல்டரில் இருக்கிறது, இதற்கு நான்கு நட்சத்திரம், இடப்பக்கம் இவ்வளவு வெட்ட வேண்டும், நிழலை இவ்வளவு தூக்க வேண்டும் என்று வரி வரியாக எழுதிவைத்திருக்கும். படம் டிஸ்கில் தன் இடத்தில் கை படாமல் கிடக்கும். நீங்கள் ஃபோல்டரை நகர்த்தியபோது பதிவேட்டில் உள்ள முகவரி பழையதாகிவிட்டது. கேள்விக்குறிக்கு அவ்வளவுதான் பொருள். அந்த இடத்தில், ஃபோல்டர் பெயரின் மேல் வலது கிளிக் செய்து, காணாமல்போன ஃபோல்டரைத் தேடச் சொல்லிப் புது இடத்தைக் காட்டியிருந்தால் சரியாகியிருக்கும். நீங்கள் நீக்கியது பதிவேட்டின் வரிகளை. அதனால்தான் மறுபடி இம்போர்ட் செய்தபோது படங்கள் முதல்நாள் வந்தவைபோல வெறுமையாக வந்தன.

இப்போது நல்ல செய்தி. லைட்ரூம் கிளாசிக்கை மூடும்போது, கேட்டலாக்கை பேக்கப் எடுக்கட்டுமா என்று வாரம் ஒருமுறை கேட்கும். நீங்கள் யோசிக்காமல் சரி என்று அழுத்தியிருந்தால்கூடப் போதும். கேட்டலாக் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே 'பேக்கப்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட சிறு ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸிப் ஃபைல். நீங்கள் ஃபோல்டர்களை மாற்றிய அந்த சனிக்கிழமைக்கு முந்தைய தேதியுள்ளதில் கடைசியாக இருப்பதை எடுங்கள். இப்போதைய கேட்டலாக்கின் மேல் எழுதிவிடாமல், வேறு புது ஃபோல்டரில் பிரித்து, அதைத் திறங்கள். மறுபடியும் கேள்விக்குறிகள் வரும். இந்தமுறை அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்படலாம், ஏனென்றால் ஒவ்வொரு கேள்விக்குறிக்குப் பின்னாலும் உங்கள் நட்சத்திரங்கள் இருக்கின்றன. முழுசாக நகர்ந்த ஃபோல்டர்களுக்குப் புது இடத்தைக் காட்டுங்கள். ஒரே ஃபோல்டரின் படங்களை நான்கு வருடங்களுக்குப் பிரித்துப் போட்டிருந்தால் வேலை கொஞ்சம் இழுக்கும்: படத்தின் மூலையில் உள்ள ஆச்சரியக்குறியை அழுத்தி ஒரு படத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், அதன் அருகில் உள்ள மற்றவற்றையும் சேர்த்துத் தேடும் வசதி அந்த ஜன்னலிலேயே இருக்கிறது. பொறுமையாகச் செய்தால் இரண்டு மூன்று மாலைகளில் முடியும்.

பேக்கப் ஒன்றுகூட இல்லையென்றால், கணினியின் பொதுவான பேக்கப்பில் பழைய கேட்டலாக் ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் லைட்ரூமில் செய்த அந்த ஒரு வருட வேலை போனதுதான். அதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் படங்கள் போகவில்லை, பிக்காசா காலத்து வேலையில் பெரும்பகுதியும் போயிருக்காது.

பிக்காசா விட்டுச்சென்றவை

கூகுள் 2016-இல் பிக்காசாவை நிறுத்திவிட்டது. நிறுத்தியபோது அதில் எழுதியதெல்லாம் அழிந்துவிட்டதாகப் பலரைப் போல நீங்களும் நினைக்கிறீர்கள். பிக்காசா தன் விவரங்களை மூன்று நான்கு இடங்களில் பிரித்து வைத்தது.

ஜேபெக் படங்களுக்கு நீங்கள் எழுதிய குறிப்புகளையும் டேகுகளையும் அது படத்தின் ஃபைலுக்குள்ளேயே எழுதியது. அவை இன்றும் உள்ளே இருக்கும். லைட்ரூமில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் உள்ள விவரப் பகுதியில் குறிப்புக்கான கட்டத்தைப் பாருங்கள். நீங்கள் எழுதிய வரியே கிடைக்கலாம்.

நட்சத்திரங்களும், சேமிக்காமல் விட்ட திருத்தங்களும், முகம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைந்திருக்கும் '.பிக்காசா.ஐஎன்ஐ' என்ற சிறு ஃபைலில் எழுதப்பட்டன (பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும், முதலில் ஒரு புள்ளி). மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி கணினியில் அமைத்தால்தான் கண்ணில் படும். காலியான ஃபோல்டரை அழிக்காதீர்கள் என்று சொன்னது இதற்குத்தான். நீங்கள் ஃபோல்டரை முழுதாக நகர்த்தியிருந்தால் அந்த ஃபைலும் கூடவே போயிருக்கும். உள்ளே போய்ப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து நகர்த்தியிருந்தால், 'காலி' ஃபோல்டரில் அது தனியாக உட்கார்ந்திருக்கும். பிக்காசாவில் திருத்திச் சேமித்த படங்களின் மூலமும் அதேபோல ஒரு மறைந்த துணை ஃபோல்டரில் இருக்கும். அங்கே அப்பாவின் ஏதோ ஒரு படம் வெட்டப்படாமல் முழுசாகக் கிடைத்தாலும் ஆச்சரியமில்லை.

முகப் பெயர்கள்தான் சிக்கல். பழைய கணினி இன்னும் ஓடுகிறது, அதில் பிக்காசா இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பிக்காசா 3.9-இல், முகப் பெயர்களைப் படத்துக்குள்ளேயே எழுதும் வசதி இருக்கிறது. அப்படி எழுதிவிட்டால் லைட்ரூம் கிளாசிக், டிஜிகேம் போன்ற படத் தொகுப்பு மென்பொருள்கள் அந்தப் பெயர்களைப் படித்துக்கொள்ளும். முதலில் ஒரு ஃபோல்டரின் நகலில் செய்து பாருங்கள். பெயர் சரியாக வந்தால் மற்றவற்றுக்குப் போகலாம்.

இவ்வளவு தூரம் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நீங்கள் இரண்டு தடவை இழந்ததும் ஒரே பொருளைத்தான்: மென்பொருளின் சொந்தப் பதிவேட்டில் மட்டும் இருந்த விவரத்தை. படத்தோடு ஒட்டியிருந்த விவரம் இரண்டு தடவையும் தப்பித்தது. லைட்ரூமின் கேட்டலாக் அமைப்பில், மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பி-யில் (படத்தோடு ஒட்டியிருக்கும் விவரப் பதிவில்) எழுது என்று ஒரு கட்டம் உண்டு. அது தொடக்கத்தில் அணைந்திருக்கும். அதை இன்றே டிக் செய்யுங்கள். ஜேபெக் என்றால் ஃபைலுக்குள்ளேயும், ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் எழுதும் மூலப் படம்) என்றால் பக்கத்தில் ஒரு சிறு துணை ஃபைலிலும் கீவேர்ட், நட்சத்திரம், திருத்தம் எல்லாம் எழுதப்படும். ஆல்பமாகத் தொகுத்த கலெக்‌ஷன்களும் வர்ச்சுவல் காப்பிகளும் (ஒரே படத்துக்குப் பதிவேட்டில் மட்டும் வைக்கும் வேறு திருத்தப் பதிப்புகள்) மட்டும் அதில் வராது. அவற்றுக்குக் கேட்டலாக் பேக்கப்பே கதி.

சந்தாவை நிறுத்தினால் படங்கள் மாட்டிக்கொள்ளுமோ என்று நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மாட்டாது. லைட்ரூம் கிளாசிக் சந்தா முடிந்த பிறகும் கேட்டலாக்கைத் திறந்து பார்க்கலாம், படங்களை எக்ஸ்போர்ட் செய்யலாம். திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் மட்டும் மூடிவிடும். கட்டணமே வேண்டாம் என்று தோன்றும் நாளில் ஒழுங்குபடுத்த டிஜிகேம், ரா படங்களைத் திருத்த டார்க்டேபிள் என்று இரண்டு நல்ல இலவச மென்பொருள்கள் உண்டு. கீவேர்டும் நட்சத்திரமும் அங்கே வந்து சேரும். லைட்ரூமின் வண்ணத் திருத்தம் அப்படியே வராது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் கணக்கு வேறு. அதனால் விலகுவதற்கு முன், திருத்திய நல்ல படங்களை மட்டும் தனி ஜேபெக்குகளாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.

அந்த 11,000 நகல்கள்

மென்பொருள் 'ஒன்றுபோல' என்று காட்டுவதில் பல சாதி இருக்கிறது. பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருப்பவை ஒரு வகை. அவற்றில் ஒன்றை அழித்தால் நஷ்டமில்லை. மூலமும் அதன் வாட்ஸ்அப் நகலும் இன்னொரு வகை. ரா ஃபைலும் அதோடு கேமரா எழுதிய ஜேபெக்கும், ஒரே நொடியில் எடுத்த ஐந்து படங்களும் வேறு வகைகள். ஐந்தில் ஒன்றில்தான் எல்லோர் கண்ணும் திறந்திருக்கும். அது எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. பார்க்க ஒன்றாக இருக்கும் இரண்டில், குறிப்பு எழுதப்பட்ட நகலை அழித்துவிட்டு வெறுமையானதை வைத்துக்கொண்ட தொகுப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

பெயரை நம்புவது இதைவிட மோசம். கேமராக்கள் நான்கு இலக்க எண் போடுகின்றன. 9999 வந்ததும் மறுபடி 0001. இருபது வருடத்தில் உங்களிடம் ஒரே எண்ணுள்ள படங்கள் எத்தனையோ இருக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல். இரண்டு ஃபோல்டரை ஒன்றாக்கும்போது 'அதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா?' என்று கணினி கேட்டால், மாற்று என்று அழுத்தவே கூடாது. அந்த சனி ஞாயிறில் அப்படி எத்தனை முறை அழுத்தினீர்கள் என்று கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். அழுத்தியிருந்தால் பழைய கணினியில் உள்ள படங்களோடு எண்ணிக்கையை ஒப்பிட வேண்டியிருக்கும்.

என் யோசனை: இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரு படம் சராசரியாக 4 எம்பி என்று வைத்துக்கொண்டால் 11,000 நகல்கள் 44 ஜிபி. இன்றைய டிஸ்கில் அது ஒரு மூலை. அந்த மூலையைக் காலிசெய்ய அவசரப்பட்டு ஒரே ஒரு மூலத்தை இழந்தாலும் கணக்கு நஷ்டம்தான். பேக்கப் எல்லாம் முடிந்தபின், பைட்டுக்குப் பைட் ஒன்றானவற்றை மட்டும் ஒரு வருடத்துப் படங்களில் தொடங்கி அழித்துப் பாருங்கள்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி

வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும் என்ற அளவில் உங்கள் அண்ணன் சொல்வது சரி. 38,000 படங்கள் ஒரே டிஸ்கில் இருப்பது, நீங்கள் இவ்வளவு கவலைப்படும் கேட்டலாக்கைவிடப் பெரிய ஆபத்து. டிஸ்க் என்றைக்காவது சாகும். பேக்கப் விஷயத்தில் 3-2-1 என்று ஒரு பழக்கம் உண்டு: மூன்று பிரதி, இரண்டு வேறு வேறு சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். உங்களுக்கு அது கணினி, வெளி டிஸ்க், கிளவுட் என்று அமையும்.

டிஸ்கை ஃபார்மேட் செய் என்று சொன்ன இடத்தில்தான் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். கைபேசியோடு இணைந்த கிளவுட் என்பது ஒத்திசைவு. இந்தப் பக்கம் அழித்தால் அந்தப் பக்கமும் அழியும். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அழித்தால் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், பிறகு போய்விடும். ஆப்பிளின் ஐகிளவுடில் 30 நாள். வீட்டில் யாரோ கைபேசியில் இடம் போதவில்லை என்று அழித்ததைக் குடும்பம் மூன்று மாதம் கழித்துக் கவனிப்பதெல்லாம் சாதாரணம். இரண்டாவது, தரம். கூகுளில் இடத்தை மிச்சப்படுத்தும் முறையைத் தேர்ந்தால் படங்கள் சுருக்கப்படும், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவை சிறிதாகும். 'அளவில்லாமல் இலவசம்' என்று உங்கள் அண்ணன் நினைத்திருந்தால் அது 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்த கதை. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதையும் மின்னஞ்சலோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். மூன்றாவது, நீங்கள் பட்ட அதே துன்பம் மறுபடி வரும். அங்கே மாற்றிய தேதியும் எழுதிய குறிப்பும் மொத்தமாகத் திரும்ப இறக்கும்போது படத்துக்குள் வராமல், பக்கத்தில் வேறு ஃபைலில் வரும்.

அப்புறம் இன்னொரு கேள்வியை அண்ணனும் நீங்களும் பேசிக்கொள்ள வேண்டும்: அந்தக் கணக்கு யார் பெயரில்? ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அழிக்கும் அதிகாரமும் அவர் ஒருவரிடம்தான். கூகுள் இரண்டு வருடம் தொடப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கிவிடலாம். அப்பாவின் கைபேசிக் கணக்கில் இன்னும் இறக்காத படங்கள் இருந்தால் அந்தக் கெடுவை மனதில் வையுங்கள். செயலற்றுப்போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும், ஆப்பிளில் மரபுத் தொடர்பாளர் (நம் காலத்துக்குப் பின் நம் கணக்கைத் திறக்கக்கூடியவர்) யார் என்பதையெல்லாம் உங்கள் இருவர் கணக்கிலும் குறித்துவிடலாம், பத்து நிமிட வேலை. உறவினர்களுக்கு ஆல்பம் பகிரும்போது இருப்பிட விவரத்தை நீக்கி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வீட்டு வாசல் வரைக்கும் துல்லியமாகக் காட்டும் எண்கள் கைபேசிப் படங்களில் இருக்கின்றன.

அப்பாவின் படம்

இதற்கு மென்பொருளைவிட ஒரு போன் அழைப்பு நல்லது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும், எடுத்த தேதி உள்ளிட்ட, கேமரா படத்துக்குள் எழுதிய விவரங்களும் (எக்ஸிஃப்) போய்விடும். ஆனால் எடுத்தவரின் கைபேசியில் மூலம் இருக்க வாய்ப்புண்டு. யார் எடுத்தது என்று தெரிந்தால், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் ஃபைல் அப்படியே வரும். கைபேசி மாற்றிவிட்டேன் என்று அவர் சொன்னாலும் விடாமல், அவருடைய கிளவுடில் தேடச் சொல்லுங்கள்.

கிடைக்கவில்லை என்றால் கணக்கு இது: அருகில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 960-க்கு 1280 என்றால் சுமார் 3.2-க்கு 4.3 அங்குலம்தான் வரும். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படத்துக்கு 200 போதும் என்றால் 4.8-க்கு 6.4 அங்குலம். அதைச் சுற்றி அகலமாக வெள்ளை அட்டை விட்டுச் சட்டம் போட்டால் சுவரில் எடுப்பாகத்தான் இருக்கும்.

ஏஐ மென்பொருள் இல்லாத விவரத்தை ஊகித்துத்தான் நிரப்புகிறது. மரத்தின் இலையை ஊகித்தால் யாருக்கும் தெரியாது. முகத்தை ஊகித்தால் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவை அப்படிப் பளபளவென்று வந்த படத்தைப் பார்த்து, கன்னத்து மச்சம் எங்கே என்று ஒரு அம்மாள் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. நீங்கள் முயன்று பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் இரண்டையும் சின்னதாக அச்சிட்டு அம்மாவிடம் காட்டி, அவர் எதை எடுக்கிறாரோ அதையே பெரிதாக்குங்கள். ஏஐ செய்ததை மூலத்தின் மேல் சேமிக்காமல், பெயரிலும் குறிப்பிலும் 'ஏஐ மூலம் மாற்றியது' என்று எழுதித் தனி ஃபைலாக வையுங்கள். எந்தத் திருத்தத்துக்கும் இதே வழிதான். ஜேபெக்கைத் திறந்து திருத்தி அதன் மேலேயே சேமிக்கச் சேமிக்கத் தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

ஸ்கேன் செய்த பழைய படங்கள் எல்லாம் 2019 என்று காட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்குக் காரணம், அதுதான் ஸ்கேன் செய்த வருடம். லைட்ரூமில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து எடுத்த நேரத்தை மாற்றலாம். சரியான தேதி தெரியாவிட்டால் உத்தேசமாக ஒன்றைப் போட்டு, குறிப்பில் '1978 வாக்கில், உத்தேசம்' என்று எழுதிவிடுங்கள். அதில் இருப்பவர்களின் பெயர் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த மொத்த வேலையிலும் தள்ளிப்போடக் கூடாதது அது ஒன்றுதான். கேட்டலாக்கூட அடுத்த மாதம் வரை காத்திருக்கும். ஒரு நாளைக்கு இருபது படம் போதும், கைபேசியில் அவர் பேசுவதைப் பதிவு செய்துகொண்டு பிறகு நிதானமாகத் தட்டச்சு செய்யலாம்.

இனி வரிசை. முதலில் வெளி டிஸ்க் ஒன்றில், இருப்பதை இருக்கிறபடியே, மறைந்த ஃபைல்களோடு முழு நகல் எடுங்கள். அந்த நகலிலிருந்து பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். பிறகு பேக்கப்ஸ் ஃபோல்டர். அது முடிந்தபின் பழைய கணினியில் பிக்காசா. ஃபோல்டர் பெயரை இனி எப்போது மாற்றினாலும் லைட்ரூமுக்குள் இருந்தபடியே, இடப்பக்கப் பட்டியலில் மாற்றுங்கள். டிஸ்கிலும் அது மாறிவிடும். பேக்கப்ஸில் கிடைத்த கேட்டலாக்கின் தேதியையும், அதைத் திறந்ததும் எத்தனை படங்கள் காட்டுகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். 38,000-க்கு மிகவும் குறைவாக இருந்தால் அடுத்து எங்கே தேடுவது என்று சொல்கிறேன்.